ஜாம்பிக் காதல் படம் எடுக்கப் போகிறீர்களா, முதலில் பேயை மறந்துவிடுங்கள்

சேலத்தில் சின்ன பட்ஜெட்டில் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் கடைசியில் ஏற்காட்டில்தான் போய் நிற்கிறார்கள், அதில் தப்பே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மூடுபனியும் காப்பித் தோட்டமும் கிடைத்துவிடும்போது செட் எதற்கு? அப்படி ஒரு ஜாம்பிக் காதல் படத்தில், அதாவது செத்தும் எழுந்து நடந்து ஆளைக் கடிக்கிற ஒருத்தியைக் காதலிக்கும் கதையில், நான் இரண்டு வாரம் கூடமாட வேலை செய்தேன், அப்புறம் வேறு இருவர் எழுதிய கதைகளையும் கேட்டேன். மூன்றிலும் ஒரே தவறு. ஜாம்பியைப் பேயாக எழுதியிருந்தார்கள்.

நமக்குப் பேய்க்கதை சின்ன வயதிலிருந்தே பழக்கம் என்பதால் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. பேய்க்கு உடம்பு போய்விட்டது, நினைவு மட்டும் மிச்சம். யாரைக் காதலித்தோம், யாரைப் பழிவாங்க வேண்டும், எல்லாம் அதற்கு அத்துப்படி. ஜாம்பி நேர் எதிர். உடம்பு இருக்கிறது, உள்ளே நினைவு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. காதல் கதைக்கு உயிரே இந்தத் தெரியாமைதான். பத்தாவது நிமிடத்திலேயே ஜாம்பியான காதலி கண்ணீர் விட்டுக் காதலன் பெயரைச் சொல்லிவிட்டால் மீதிப் படத்துக்கு என்ன வேலை?

நாங்கள் எடுத்த படத்தில் நாயகன் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவன். காதலிக்குத் தன் கையால் ஒரு ஜோடி செய்து கொடுத்திருக்கிறான். அவள் ஜாம்பியான பிறகு ஒரு காலில்தான் கொலுசு இருக்கிறது, மற்றது இவன் சட்டைப்பையில். தோட்டத்துக்குள் அவள் காலடியில் உட்கார்ந்து அதைப் பூட்டுகிறான், திருகாணி சரியாக ஏறவில்லை, கை நடுங்குகிறது. அவள் மெதுவாகக் குனிகிறாள். கொலுசைப் பார்க்கவா, அவன் கழுத்தைக் கடிக்கவா? மேக்கப் கன்னத்தில் உரிந்து தொங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை, அவ்வளவு நல்ல காட்சி. ஆனால் எடிட்டிங்கில் அதற்கு நடுவில் பழைய காதலைக் காட்டும் பாட்டு ஒன்றை நுழைத்துவிட்டார்கள். நல்ல காட்சி அமைந்துவிட்டால் அதை நம்பிச் சும்மா விடுங்கள்.

ஜாம்பியை ஓடவிடாதீர்கள். அது மெதுவாக நடந்தால் யாரும் தப்பித்துப் போய்விடலாம், அப்படியும் இவன் போகாமல் நிற்கிறான் என்பதில் ஒரு வசனமும் இல்லாமல் காதல் தெரிந்துவிடுகிறது. இதை ஒட்டி இன்னொன்று, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம்: வாய் பேசாத நாயகி என்றதும் அவளை இவன் இஷ்டத்துக்கு இழுத்துப்போகும் பொம்மையாக்கிவிடுகிறார்கள். அவளும் எதையாவது தீர்மானிக்க வேண்டும். இவன் கூப்பிடும்போது ஒரு தடவையாவது திரும்பி வேறு பக்கம் நடக்கட்டுமே. முத்தம் கொடுத்தவுடன் குணமாகிவிடுவதும் வேண்டாம்.

நோய் எங்கிருந்து வந்தது என்று லேப், விஞ்ஞானி, கணினித் திரை என்று காசைக் கரைக்காதீர்கள். 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்ற அமெரிக்க ஜாம்பிப் படத்தில் காரணத்தை உறுதியாகச் சொல்லவே இல்லை, பெரும்பாலும் ஒரு பண்ணை வீட்டுக்குள் சில பேர், அவ்வளவுதான். கறுப்பு வெள்ளை என்பதால் சாக்லேட் சிரப்பையே ரத்தமாக ஊற்றினார்கள். நீங்கள் கலரில் எடுப்பதால் சர்க்கரைப் பாகில் சிவப்பு கலரை மட்டும் கலந்தால் ரோஸ்மில்க் மாதிரி தெரியும், கொஞ்சம் கோகோ பவுடர் சேர்த்துக் கருக்க வையுங்கள். பாகு என்பதால் எறும்பு வரும், நடிகர்களை அப்படியே தரையில் படுக்கவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

கூட்டம் பற்றிக் கவலையே வேண்டாம். பனிக்குள் எட்டுப் பேரை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் நாற்பது பேர் போலத் தெரிகிறது. ஆனால் பனி உங்களுக்காகக் காத்திருக்காது. பாதிக் காட்சியை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனோம், திரும்பி வந்தால் பளீரென்று வெயில், ஒரே உரையாடலில் அவன் முகம் பனியிலும் அவள் முகம் வெயிலிலும் இருந்தது. வளைவுகளில் சனி, ஞாயிறு படப்பிடிப்பு வைக்காதீர்கள், அனுமதி வாங்காமல் எந்த நாளும் வைக்காதீர்கள். திடீரென்று ரத்த முகத்தோடு ஒருவர் ரோட்டுக்கு வந்தால் வண்டி ஓட்டுகிறவர் பிரேக்கை எங்கே போய்ப் பிடிப்பார்?

கடைசியாகச் சத்தம். இதைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். எங்கள் படத்தில் அவள் நடக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ எடுத்த கொலுசுச் சத்தம் ஜல் ஜல் என்று இரண்டு காலுக்கும் கேட்டது. ஒற்றைக் கொலுசு என்றால் ஓர் அடி ஒலிக்க வேண்டும், அடுத்த அடியில் சருகு மட்டும்தான். கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் காலில் ஒற்றைக் கொலுசு மாட்டி, மற்ற காலை இழுத்து இழுத்து நடக்கவைத்துப் பதிவு செய்திருக்கலாம், ஒரு மணி நேர வேலை. படம் முழுக்க அதைக் கேட்டுப் பழகியிருந்தால், அவன் திருகாணியைப் பூட்டி எழுந்த பிறகு இரண்டு காலும் ஒலிக்க அவள் எடுத்து வைக்கும் முதல் இரண்டடி எப்படிக் கேட்டிருக்கும்!