சாப்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள்: தோட்டப்புற மருத்துவ ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு மருத்துவ மாணவர்கள் சர்க்கரை பார்க்கிறார்கள். வரிசையில் வந்த ஓர் அம்மாவிடம் மாணவி கேட்டாள்: “ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா?” “இல்லம்மா.” படிவத்தில் ‘வெறும் வயிறு’ என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது. விரலில் குத்திப் பார்த்தால் ஒன்பதைத் தாண்டி நிற்கிறது. பக்கத்தில் நின்ற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “பசியாறியாச்சாம்மா?” “ஆச்சே தம்பி. கோப்பி, ரெண்டு ரொட்டி.”

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நம் ஊரில் காலையில் உண்பது பசியாறுவது. சாப்பிடுவது என்றால் சோறு. அவர் இன்னும் சோறு சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆனால் படிவத்தில் ஏறியது வேறு. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏழு மில்லிமோல் என்பது நீரிழிவுக்கான எல்லைக்கோடு. குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. சீனி போட்ட கோப்பி ஒரு கிளாஸ் போதும், கணக்கு மொத்தமும் சாய்ந்துவிடும். அன்று அவருக்கு முன்னால் எத்தனை பேர் இப்படிப் பதில் சொல்லிவிட்டுப் போனார்களோ, யாருக்கும் தெரியாது. “கடைசியாகப் பச்சைத் தண்ணீர் தவிர வேறு எது வாயில் பட்டது, எத்தனை மணிக்கு?” என்று கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

ஒரு மருத்துவக் கல்லூரியில் மாணவர்களின் ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் வருவார்கள். “சார், எந்த டெஸ்ட் போடணும்?” என்பது முதல் கேள்வி. போட வேண்டிய டெஸ்ட் சுலபம். கெட்டுப்போனது அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே கெட்டிருக்கும்: யாரைப் பார்த்தோம், எப்போது பார்த்தோம், எந்த வார்த்தையில் கேட்டோம் என்பதில். எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

மொழிபெயர்த்து முடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது

கேள்வித்தாளைத் தமிழாக்கச் சொன்னால் மாணவர்கள் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். ஒருவர் தமிழில் எழுதுகிறார், இன்னொருவர் அதைப் பார்த்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறார், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ‘நீரிழிவு’ என்று எழுதினால் அது அப்படியே டயபெட்டிஸ் என்று திரும்பி வரும். பாஸ். ஆனால் தோட்டத்தில் எழுபது வயதுப் பாட்டியிடம் “உங்களுக்கு நீரிழிவு உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் இல்லப்பா” என்பார். “இனிப்பு நீர் இருக்கா?” என்று கேளுங்கள். “அது இருக்கே பத்து வருஷமா” என்று மாத்திரைப் பையை எடுத்துக் காட்டுவார். அதேபோலத்தான் உயர் இரத்த அழுத்தமும். ரத்தக் கொதிப்பு என்றால்தான் தலை ஆடும். திரும்பி மொழிபெயர்ப்பது எழுதிய இரண்டு பேருக்கும் ஒரே மொழி தெரியும் என்பதை மட்டும்தான் காட்டுகிறது. பதில் சொல்லப் போகிறவர்களில் ஐந்தாறு பேரை உட்காரவைத்து, “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் வாயால் சொல்லுங்கள்” என்று கேட்பதற்கு ஒரு மத்தியானம் போதும். என்னிடம் வருகிறவர்களில் அதைச் செய்துவிட்டு வருகிறவர்கள் குறைவு.

ஐந்து படி அளவுகோலும் இப்படித்தான். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் உடன்படவில்லை’ வரை வாசித்துக் காட்டினால், வயதானவர்கள் மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளை கேட்கும்போது இல்லை என்பதா? முரணான இரண்டு கேள்விகளை உள்ளே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் வந்தால், அந்தத் தாள் எதையும் அளக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

காலை பத்து மணிக்குப் போவது

இது நான் செய்த தவறு, அதனால் கொஞ்சம் வெட்கத்தோடு எழுதுகிறேன். முதல் முறை ஒரு தோட்டத்துக்குக் கணக்கெடுக்கப் போனபோது பஸ் ஏற்பாடு, மாணவர்களின் வகுப்பு, எல்லாம் பார்த்து பத்து மணி என்று வைத்தேன். விடிவதற்குள் பெரட்டு (ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுப்பது) முடிந்து ஆட்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள் என்பது தோட்டத்துப் பிள்ளையான எனக்குத் தெரியாததில்லை. அன்று தோன்றவில்லை. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தவர்கள். அவர்களை எண்ணிவிட்டு ‘தோட்டத் தொழிலாளர்களிடையே’ என்று தலைப்பு வைத்தால், வேலைக்குப் போக முடியாதவர்களைப் பார்த்து வேலைக்காரர்களைப் பற்றி எழுதியதாகிவிடும். தலைகீழாகவும் நடக்கும். பெரட்டில் நிற்பவர்களை மட்டும் எடுத்தால், நோயால் வேலையை விட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். தோட்டம் முழுக்க ஆரோக்கியமாகத் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. பெயர்ப் பட்டியலில் இருக்கும் தோட்டமும் தரையில் இருக்கும் தோட்டமும் இன்று ஒன்றில்லை. நம் ஆட்களில் பெரும்பாலோர் எப்போதோ டவுனுக்கும் தாமான்களுக்கும் (வீடமைப்புப் பகுதிகளுக்கும்) போய்விட்டார்கள். குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். ‘எஸ்டேட் தமிழர்’ என்று திட்டத்தில் எழுதிவிட்டு லயத்துக்குள் போய் அவர்களைத் தேடினால் பாதிப் பேர் சுங்கை சிப்புட் டவுனில் தாமான் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரைப் பற்றிய ஆய்வு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பஸ் புக்கிங் அதற்குப் பிறகு.

எத்தனை பேர் என்பதற்கு அட்டவணையை நீட்டுவது

மலேசியாவில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு புனித நூல் உண்டு: 1970-இல் கிரெஜ்சியும் மோர்கனும் வெளியிட்ட அட்டவணை. மக்கள்தொகை 1000 என்றால் 278 பேர், 500 என்றால் 217, 100 என்றால் 80. பார்த்து எழுதிவிடலாம், வேறு கேள்வி கிடையாது. அட்டவணையில் தப்பில்லை. ஒரு கூட்டத்தில் எத்தனை சதவீதம் பேருக்கு ஒன்று இருக்கிறது என்று ஐந்து சதவீதப் பிழைக்குள் கணிக்க அது போதும், அதுவும் ஆட்களைக் குலுக்கிப் போட்டு எடுத்திருந்தால். நம் மாணவர்கள் செய்வதோ இரண்டு குழுக்களை ஒப்பிடுவது, புதுப் பயிற்சியால் மதிப்பெண் கூடியதா என்று பார்ப்பது. அதற்கு எவ்வளவு வித்தியாசம் இருந்தால் பொருட்படுத்துவோம் என்று முதலில் சொல்ல வேண்டும்; அதிலிருந்துதான் எண்ணிக்கை வரும். அந்த அட்டவணையில் அதற்கு இடமே இல்லை.

கூடவே வருவது இருபது கேள்வியையும் ஆண்-பெண், வயது, ஆண்டு என்று குறுக்கும் நெடுக்கும் ஒப்பிட்டு, பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே விழுந்த ஒன்றை மட்டும் சுருக்கத்தில் எழுதுவது. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்திலும், தனித்தனியாக இருபது டெஸ்ட் போட்டால் ஒன்றாவது தற்செயலாக அப்படி விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. சரி, இதை விடுங்கள். எல்லோரும் சொல்வதுதான்.

ஒப்பிட ஆள் இல்லாமல் ஒப்பிடுவது

இதில் நமக்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது, மாணவர்களுக்கு அது தெரிவதில்லை. நூற்றாண்டுக்கு முன் மலாயாவில் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. தோட்டங்களிலும் ரோட்டு வேலையிலும் இருந்த தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களுக்கு வந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, தின்னும் அரிசியில்தான் காரணம் இருக்கிறது, தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி என்று எழுதினார். ஆனால் தமிழனுக்கும் சீனனுக்கும் வித்தியாசம் அரிசி மட்டும்தானா? வீடு வேறு, வேலை வேறு, தண்ணீர் வேறு.

கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் வேலை பார்த்த வில்லியம் ஃபிளெட்சர் 1905 கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றை எண் ஒரு கட்டடம், தீட்டிய அரிசி. இரட்டை எண் இன்னொரு கட்டடம், புழுங்கலரிசி. கட்டடத்தில்தான் ஏதோ கோளாறு என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால், பாதியில் இரண்டு கூட்டத்தையும் கட்டடம் மாற்றினார், அரிசியை மாற்றாமல். தீட்டிய அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் செத்தார்கள். புழுங்கலரிசிக் கூட்டத்தில் அதனால் ஒரு சாவுகூட இல்லை. உமியோடு அவிக்கும்போது அந்த நோயைத் தடுக்கும் தயாமின் (வைட்டமின் பி1) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நம் பாட்டிமார் நெல் அவித்தது வீண் போகவில்லை.

இன்று அப்படிச் செய்ய முடியாது, கூடாது. ஒற்றை-இரட்டை என்றால் அடுத்தவர் எந்தக் குழு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்; கணினி குலுக்கிய எண்ணை மூடிய உறையில் வைப்பதுதான் இப்போதைய முறை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. ஆனால் ‘வேறு எதனால் இந்த வித்தியாசம் வந்திருக்கலாம்?’ என்று கேட்டுக் கட்டடத்தை மாற்றிய அந்தப் புத்தியை இன்றைய மருத்துவக் கல்வி ஆய்வுகள் பலவற்றில் தேடினாலும் காணோம்.

வழக்கமாக என் மேசைக்கு வருவது இதுதான். புது முறையில் ஒரு வகுப்பு. காலையில் ஒரு தேர்வு, பாடம், மத்தியானம் அதே கேள்வித்தாளில் மறுபடி தேர்வு. மதிப்பெண் ஏறியிருக்கிறது. ஏறாமல் என்ன செய்யும்? கேள்வி தெரிந்துவிட்டது, பாடம் நடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய முறையில் நடத்தியிருந்தாலும் ஏறியிருக்கும். சிலர் போன வருட மாணவர்களோடு ஒப்பிடுவார்கள். போன வருடம் ஆசிரியர் வேறு, வினாத்தாள் வேறு, மாணவர்களே வேறு. ஒரே வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் மாதம் புதுமுறை, மறு பாதிக்கு அடுத்த மாதம் என்று வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஒப்பீடும் கிடைக்கும். ஆறு வாரம் கழித்து இன்னொரு தேர்வு வைத்தால் இன்னும் நல்லது.

அளப்பதும் பெரும்பாலும் திருப்தியைத்தான். “மாணவர்கள் மகிழ்ச்சியடைந்தனர்.” பயிற்சியை எடைபோட 1959-இல் கிர்க்பாட்ரிக் நான்கு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் விளைந்ததா. முதல் படியில் ஏறி நின்றுகொண்டு நான்காம் படியிலிருந்து கை அசைப்பதுபோலத்தான் பல கட்டுரைகளின் முடிவுரை. வார்டில் அந்த மாணவன் இனிப்பு நீர் நோயாளியின் செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தானா? அதை எண்ணுங்கள். எண்ணுகிறவருக்கு அவன் எந்தக் குழு என்று தெரியாமல் இருந்தால் சரி.

சம்மதத்தை யார் முன்னால் கேட்கிறோம்

சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்து, அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். கல்லூரிக் குழுவின் கடிதம் மட்டும் போதாது. இதைத் தெரியாமல் தரவு சேர்த்துவிட்டு, பிறகு அனுமதி கேட்டு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்தேதியில் அனுமதி கிடைக்காது.

ஆனால் காகிதம் சரியாக இருந்தும் சம்மதம் பொய்யாகலாம். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளியிடம் கையெழுத்து கேட்பது, பரீட்சை போடும் விரிவுரையாளரே வகுப்பில் படிவம் கொடுத்து “விருப்பமில்லாதவர்கள் வெளியே போகலாம்” என்பது, இரண்டும் ஒன்றுதான். யார் வெளியே போவார்? வாங்குகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து, படித்துச் சொன்னதைக் கேட்டு, அவரும் கையெழுத்துப் போட வேண்டும். மலாய்ப் படிவத்தை நீட்டி “இங்க ஒரு சைன் போடுங்க பாட்டி” என்பது சம்மதம் ஆகாது.

நீரிழிவு எல்லைக்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசிய வழிகாட்டியில் எச்.பி.ஏ.ஒன்.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.3 சதவீதம் என்றாலே நீரிழிவு. வெளிநாட்டுக் கட்டுரைகளில் 6.5. எதை வைத்தீர்கள் என்று எழுதாவிட்டால் ஒப்பிடுகிறவர் ஏமாந்துபோவார். இரத்தசோகையும் தலசீமியாவும் அந்த எண்ணையே ஆட்டிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தக் கோப்பி குடித்த அம்மாவை அடுத்த வருடம் அதே மண்டபத்தில் பார்த்தேன். புது மாணவர்கள், புதுப் படிவம். வரிசையில் நிற்காமல் நேராக என்னிடம் வந்தார். “போன தடவை குத்திட்டுப் போனீங்களே தம்பி, எனக்கு என்னன்னு யாருமே சொல்லலையே?” அவர் எண் எங்கள் கணினியில், ஒரு வரிசையில், பெயர் இல்லாமல் பத்திரமாக இருந்தது. மறுநாள் காலை பசியாறாமல் வரச் சொல்லி, கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இப்போது மாணவர்களின் மேசையில் சர்க்கரை மீட்டருக்குப் பக்கத்தில் கடிதக் கட்டு ஒன்றும் இருக்கிறது. எண் கூடினால் அங்கேயே எழுதி, கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.