அண்டர்வோல்ட்: சினிபெஞ்சை நம்பி ஏமாறாதீர்கள்

சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுவதுதான் அண்டர்வோல்ட். அதில் மைனஸ் குறியை மறப்பது, அப்ளை அழுத்தாமல் விடுவது போன்ற தவறுகள் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பவை வேறு. ஐ7-8750ஹெச் போன்ற எட்டாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பும், வோல்டேஜை இறக்க உதவும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளும் வைத்திருப்பவர்களுக்கு இது.

கோரை மட்டும் குறைப்பது

கோருக்கு (சிப்பின் கணக்கிடும் பகுதி) −100 மில்லிவோல்ட் கொடுத்துவிட்டு கேஷை (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 0-வில் விட்டால் பலன் கிடைக்காது. இரண்டுக்கும் ஒரே மின்வழி. இரண்டிலும் −50 போட்டுத் தொடங்கி, பத்துப் பத்தாக இறக்குங்கள்.

சினிபெஞ்ச் தாங்கியதே என்று நம்புவது

சினிபெஞ்ச், ஒரு படத்தை ரெண்டர் செய்ய வைத்து சிப்பின் வேகத்தை அளக்கும் சோதனை மென்பொருள். "பத்து நிமிஷம் சினிபெஞ்ச் ஓடுச்சு, −140 ஸ்டேபிள்." இதைக் கேட்டாலே எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் பெரும்பகுதி சிப் 45 வாட் வரம்பில் முட்டிக்கொண்டு, ஆறு கோரும் 3 கிகாஹெர்ட்ஸ் சொச்சத்தில்தான் ஓடியிருக்கும். 8750ஹெச்சின் உச்சம் 4.1; ஓரிரு கோருக்கு மட்டும் வேலை வரும்போதுதான் அங்கே ஏறும். நீங்கள் கொடுத்த ஆஃப்செட்டோ (−140 போன்ற குறைப்பு) எல்லா வேகத்துக்கும் வோல்டேஜை இறக்குகிறது. நீங்கள் சோதித்தது நடுப்பகுதியை மட்டும்.

அதனால்தான் ரெண்டரிங்கில் அசையாத லேப்டாப், பிரவுசரில் ஒரு டேப் திறந்ததும் நீலத்திரை காட்டுகிறது; ஸ்லீப்பிலிருந்து எழும்போது உறைகிறது. பழி விண்டோஸ் அப்டேட்டின் மேல் விழும். ஃபார்மட் அடித்து, அதுவும் போதாமல் புது ரேம் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. இதைவிட மோசம், நீலத்திரையே வராத பிழை: ஜிப் போட்டு வைத்த படங்களை விரித்தால் சிஆர்சி பிழை, அதாவது கோப்பு கெட்டுவிட்டது என்ற அறிவிப்பு. வேறு நகல் இல்லையென்றால் போனது போனதுதான்.

சினிபெஞ்சின் ஒற்றை கோர் சோதனையையும் ஓட்டுங்கள். த்ராட்டில்ஸ்டாப்பிலேயே இருக்கும் டிஎஸ் பெஞ்ச் சோதனையில் பிழை 0 வர வேண்டும். பிறகு ஒரு வாரம் வழக்கமான வேலை, நடுநடுவே ஸ்லீப் போட்டு எழுப்புவது. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) டபிள்யூஹெச்ஈஏ-லாகர், எண் 19 என்ற வன்பொருள் பிழைக் குறிப்பு தென்பட்டால் விளிம்பில் நிற்கிறீர்கள். 10 முதல் 15 மில்லிவோல்ட் பின்வாங்குங்கள்.

அடுத்தவர் எண்ணைப் போடுவது

அவர் சிப் வேறு, உங்கள் சிப் வேறு.

டாஸ்க் ஷெட்யூலரில் அவசரப்பட்டுச் சேர்ப்பது

விண்டோஸ் ஏறும்போதே த்ராட்டில்ஸ்டாப்பும் தானாக ஓடும்படி அதில் சேர்ப்பது, சோதனை முடியும்வரை வேண்டாம். எண் தாங்காவிட்டால், விண்டோஸ் ஏறியதும் விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். சேஃப் மோடில் போய் த்ராட்டில்ஸ்டாப்.ஐஎன்ஐ கோப்பை அழித்தால்தான் விடுதலை.

சூடு குறையவில்லையே என்று இன்னும் இறக்குவது

வாட் வரம்பில் முட்டும் சிப், மிச்சமான மின்சாரத்தைக் கூடுதல் வேகத்துக்குச் செலவழித்துவிடும். அதே 45 வாட், அதே சூடு. சூடுதான் குறைய வேண்டுமென்றால் பிஎல்1-ஐ (சிப் தொடர்ந்து ஓடும்போதைய வாட் வரம்பு) 35 வாட்டுக்கு இறக்குங்கள்.

பூட்டிய பயாஸோடு மல்லுக்கட்டுவது

2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற, வோல்டேஜை இறக்கியே சிப்பைத் தாக்கும் பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், பல லேப்டாப்புகளில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டே இந்த வசதியைப் பூட்டிவிட்டது. பழைய பயாஸுக்கு இறங்கினால் பூட்டு திறக்கலாம்; கூடவே இடையில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் போய்விடும். அதற்கு பிஎல்1-ஐக் குறைத்துக்கொண்டு இருந்துவிடலாம்.