ஜே.என்.யு. மாணவர் சங்கத்தில் பங்கேற்பது எப்படி: புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மாணவர்களில் பலர், வகுப்புப் பிரதிநிதியைத் துறைத்தலைவரே பெயர் சொல்லி நியமிக்கும் கல்லூரிகளில் படித்துவிட்டுப் போகிறவர்கள். ஜே.என்.யு.வில் நிலைமை வேறு. மாணவர் சங்கத்தின் தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர் ஆகிய நால்வரையும் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அனைவரும் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு புலத்தின் (ஸ்கூல்) பிரதிநிதிகளான கவுன்சிலர்களையும் அந்தந்தப் புலத்தின் மாணவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தலை நடத்தும் ஆணையத்தில் இருப்பவர்களும் மாணவர்களே. செய்தித்தாள்களில் அடிபடுவது தலைவர் பதவிக்கான போட்டிதான் என்றாலும், புதிதாகச் சேர்ந்தவர் முதலில் கண் வைக்க வேண்டியது கவுன்சிலர் பதவியின் மீதுதான் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு வலுவான காரணம் விதியிலேயே இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006 மே மாதம் அளித்த பரிந்துரைகளை நாடெங்கும் நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ஆணையிட்டது. அவற்றின்படி, மேற்சொன்ன நான்கு போன்ற நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். கவுன்சிலர் போன்ற செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை போட்டியிடலாம். வென்றாலும் தோற்றாலும் வாய்ப்பு வாய்ப்புதான். ஆகவே, வளாகத்தில் நம்மை யாரும் அறியாத முதலாண்டிலேயே நண்பர்களின் உற்சாகத்துக்கு ஆட்பட்டுப் பெரிய பதவிக்கு மனு கொடுப்பது, கைப்பொருளைத் தெரிந்தே தொலைப்பதாகும். இந்த விதிகளை மாணவர்கள் எளிதில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: விதிமீறலைக் காரணம் காட்டி 2008-இல் உச்ச நீதிமன்றம் ஜே.என்.யு. தேர்தலுக்குத் தடை விதித்தது. அடுத்த தேர்தல் 2012 மார்ச்சில்தான் நடந்தது. பின்னர் கொரோனாக் காலத்தையும் உள்ளிட்ட ஓர் இடைவெளி வந்து, 2019-க்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஆண்டுதோறும் தேர்தல் வந்துவிடும் என்று நம்பித் திட்டமிடுவதும் அதனால் சரியாக வராது.

தேர்தலுக்கு வெகு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. ஜே.என்.யு.வின் விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்கள். காவேரி, பெரியார், ஜீலம், சபர்மதி என்று நீளும் அந்த விடுதிகளில், மெஸ் செயலாளர் உள்ளிட்ட பொறுப்புகளுக்கு விடுதி மாணவர்களே ஆள் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருக்கிறது. மெஸ் கணக்கைப் பார்ப்பதும், பருப்பில் தண்ணீர் அதிகம் என்ற புகாரைக் கேட்டு அதற்கு விடை சொல்வதும் கௌரவமான வேலையாகத் தோன்றாவிட்டாலும், நூற்றுக்கணக்கானவர்களின் முகத்தையும் பெயரையும் அறிந்துகொள்ள அதைவிடக் குறுக்கு வழி வேறில்லை. உங்கள் மையத்தில் (புலத்துக்குள் இயங்கும் துறை) மாணவரும் ஆசிரியரும் சேர்ந்த குழு இயங்குமானால், அதில் இடம்பெற முயலுங்கள். பாடத்திட்டம், தேர்வு நாள், நூலக நூல்கள் பற்றிய பேச்சுகள் அங்கேதான் நடக்கின்றன. இன்னொரு வாயிலும் உண்டு: பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் குழுவில், மாணவர் தொடர்புடைய புகார்களுக்காக, இளநிலை, முதுநிலை, ஆய்வு ஆகிய மூன்று நிலைகளிலிருந்தும் மாணவப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது.

புலத்தின் பொதுக்குழுக் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்லுங்கள். தொடக்கத்தில் பேச வேண்டியதில்லை. தீர்மானம் எப்படி முன்மொழியப்படுகிறது, திருத்தம் எப்படிக் கொண்டுவரப்படுகிறது, தலைமை வகிப்பவர் எந்தக் கட்டத்தில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விடுகிறார் என்பதைக் கவனித்தாலே போதும். நடைமுறை தெரிந்த ஒருவர் ஒற்றைத் திருத்தத்தால் தீர்மானத்தின் போக்கையே மாற்றிவிடுவதை அங்கே நேரில் காணலாம்.

மொழியைப் பற்றிய தயக்கம் நம் மாணவர்களிடம் அதிகம். மேடைப்பேச்சில் இந்தி ஓங்கி ஒலிப்பது உண்மைதான். ஆயினும் ஆங்கிலத்தில் பேசுகிறவரை அந்த வளாகம் கேட்கும், தென் மாநிலங்களிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து இந்தி அறியாதிருப்பவர்களும் வாக்காளர்களே. தெரியாத இந்தியை வலிந்து பேசுவதைவிட, சொல்ல வேண்டியதை எளிய ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இந்தி நன்கு அறிந்த நண்பர் ஒருவரைத் துண்டறிக்கை எழுத உடன் வைத்துக்கொள்வது நல்லது.

அரசியல் சார்புள்ள மாணவர் அமைப்பு ஒன்றில் சேர்வதா, சுயேச்சையாக நிற்பதா என்பது அடுத்த கேள்வி. எஸ்.எஃப்.ஐ., ஐசா, ஏ.பி.வி.பி., என்.எஸ்.யு.ஐ., பாப்சா எனப் பல அமைப்புகள் அங்கே இயங்குகின்றன. அமைப்பில் இருந்தால் அறைதோறும் செல்ல ஆள் கிடைக்கும், ஆனால் வேட்பாளர் யார் என்பதை அமைப்பே முடிவு செய்யும். சுயேச்சையாக நிற்பவருக்கு மாணவர் எண்ணிக்கை குறைந்த புலங்களில் வாய்ப்பு உண்டு, பெரிய புலங்களில் கடினம். எதில் சேர்வதானாலும், அந்த அமைப்பின் பழைய துண்டறிக்கைகளை வாங்கிப் படித்துவிட்டுச் சேருங்கள்.

வேட்புமனுவில்தான் பலர் சறுக்குகிறார்கள். லிங்டோ விதிகளின்படி வேட்பாளர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும்; போட்டியிடும் ஆண்டில் நிலுவைப் பாடம் இருத்தல் கூடாது; வருகைப்பதிவு 75 விழுக்காடு அல்லது பல்கலைக்கழகம் வகுத்த அளவு, இவற்றில் எது அதிகமோ அது இருக்க வேண்டும். வயது வரம்பு இளநிலைக்கு 22, முதுநிலைக்கு 25, ஆய்வு மாணவர்களுக்கு 28 என்று குழு பரிந்துரைத்தது. அந்தந்த ஆண்டின் தேர்தல் அறிவிப்பில் உள்ள வரம்பே செல்லுபடியாகும் என்பதால் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குற்ற வழக்கு மட்டுமன்றி, பல்கலைக்கழகம் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையும் தகுதியிழப்புக்குக் காரணமாகலாம். ஒரு போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக வந்த விசாரணைக் கடிதத்தைப் படிக்காமல் மேசையறையில் போட்டுவைப்பது ஆபத்தானது. விளக்கத்தை எழுத்தில் அளித்து, முடிவையும் எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மனுத்தாக்கல் தொடங்கி முடிவு அறிவிக்கும் வரை அனைத்தும் 10 நாட்களுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. செலவு வரம்பு 5,000 ரூபாய். அச்சடித்த சுவரொட்டிக்கு அனுமதி இல்லை, கையால் செய்தவற்றை மட்டுமே, அதுவும் முன்கூட்டி அறிவித்த இடங்களில் மட்டுமே ஒட்டலாம். ஒலிபெருக்கியும் வாகனமும் கூடாது. ஆகவே பிரசாரம் என்பது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸுக்குள் நடப்பதுதான். தட்டோடு அமர்ந்திருப்பவர் உங்களுக்குத் தரும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் உலக அரசியலை விளக்காமல், நூலகத்திலிருந்து விடுதிக்குச் செல்லும் வழியில் எந்த இடத்தில் விளக்கு எரியவில்லை, உதவித்தொகை எத்தனை மாதமாக வரவில்லை என்று தொடங்குகிற வேட்பாளரையே மாணவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வாக்குப்பதிவுக்கு முன் நடக்கும் தலைவர் வேட்பாளர் விவாதத்தைக் கட்டாயம் சென்று கேளுங்கள். எதிராளிகள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்விகளும், கூட்டத்திலிருந்து எழும் கேள்விகளும், ஓராண்டு அரசியல் வகுப்புக்கு ஈடு.

முடிவு வந்தபின் இரண்டு வாரங்களுக்குள் தணிக்கை செய்த செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும்; தவறினால் வெற்றியே செல்லாமல் போகலாம். தேர்தல் தொடர்பான புகாரை, முடிவு அறிவித்த மூன்று வாரங்களுக்குள் குறைதீர் குழுவிடம் அளிக்க வேண்டும்.

கவுன்சிலர் ஆனபின் பேச்சுத்திறனைவிடக் காகிதத்தைக் காப்பாற்றும் பழக்கம்தான் அதிகம் உதவும். மாணவர் நலத் தலைவர் அலுவலகத்துக்கு எந்த மனு கொடுத்தாலும் இரண்டு பிரதிகளோடு சென்று, ஒன்றில் தேதியோடு பெறுகை முத்திரை வாங்குங்கள். வாய்மொழி உறுதி எதுவாயினும், சந்திப்பு முடிந்த அன்றே, 'இன்று இன்னின்னவை பேசப்பட்டன' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் உங்கள் பணி அறிக்கையை வாக்கெடுப்புக்கு விடும்போது, மாணவர்கள் கேட்கப்போவது அந்த முத்திரையிட்ட நகல்களைத்தான்.