பழைய கேம் பெட்டியைப் பிரிக்கும்போது செய்யக்கூடாதவை

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலிருந்து அண்ணன் மகன் ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்தான். கேசட் செருகி விளையாடும் வகை, உயிர் இல்லை. "சித்தப்பா, பிரித்துப் பார்க்கலாமா?" என்றான். அவன் வயதில் நான் பாழாக்கிய பெட்டிகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் பாதி, திறப்பதற்கு முன்பு நன்றாகத்தான் இருந்தன.

கைக்கு அகப்பட்ட திருப்புளியை எடுப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. கடலூரில் கடலை ஒட்டிய எங்கள் வீட்டில் உப்புக் காற்று எந்தத் திருகையும் விட்டுவைப்பதில்லை. துருவேறிய திருகில் பொருந்தாத முனையை வைத்து முறுக்கினால் தலை மழுங்கிவிடும். பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜப்பானியப் பெட்டிகளின் கூட்டல் குறித் தலையில் சாதாரண பிலிப்ஸ் முனை முழுதாக உட்காராது. ஜப்பானியத் தரத்தில் செய்த ஜேஐஎஸ் முனை வேண்டும். சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64 ஆகியவற்றுக்கு 4.5 மி.மீ. சிறப்பு முனை தேவை. பேனாக் குழாயை உருக்கித் திருகின்மேல் அழுத்தி அச்செடுக்கும் வித்தையை நானும் செய்திருக்கிறேன். துருவில்லாத திருகுக்கு மட்டுமே அது சரிப்படும்.

மூடியைக் கழற்றியதும் பையனின் முகம் வாடியது. பெரிய மின்சுற்றுப் பலகை, நடுவில் ஒரு கரும்பிசின் பொட்டு, அவ்வளவுதான். 1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ ஃபேமிகாமில் கணிப்புக்கு ஒரு சிப், படத்துக்குத் தனியாக ஒரு சிப். நம் ஊரில் விற்ற நகல்கள் பலவற்றில் இரண்டையும் ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கி, மேலே பிசினை ஊற்றிவிட்டார்கள். அதைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் பிசினோடு பிசினாக இருக்கின்றன. சுரண்டினால் அவை அறுந்துவிடும், பெட்டியும் முடிந்தது. பலகையைப் புரட்டிச் செப்புத் தடங்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். அவை கேசட் செருகும் வாயின் 60 முனைகளுக்குப் போய்ச் சேர்வது தெரியும். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

இந்த வகைக்கு அடாப்டர் வெளியே இருப்பதால் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லை. முதலில் வந்த பிளேஸ்டேஷன் அப்படியல்ல. வீட்டு மின்சாரம் நேராக உள்ளே வருகிறது. 230 வோல்ட் நேர்மின்னாக மாறும்போது மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும். விளையாட்டுப் பிள்ளைகளிடம் அந்தப் பலகையைக் கொடுக்கவே கூடாது. பட்டை வயர்களை வெடுக்கென்று இழுப்பதும் அங்கே வழக்கமான தவறு.

களிம்பேறிய முனைகளை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் உண்டு. பூச்சு போய்விடும், களிம்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வாயால் ஊதாதீர்கள், ஊரில் இருக்கும் ஈரம் போதாதா?

எங்கள் பெட்டியில் அடாப்டர் செருகும் இடத்தில் ஈயப் பற்று விட்டுப்போயிருந்தது. மறுபடி ஈயம் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. படம் மட்டும் இன்னும் வரவில்லை. கேசட்டில்தான் கோளாறு என்கிறான் பையன். வரும் ஞாயிறு மறுபடி புதுச்சேரிக்குப் போகிறோம்.