பாவசங்கீர்த்தனத்தில் நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்க, தயாரான வயதில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல எங்களுக்கு ஒரு பட்டியல் மனப்பாடம். பொய் சொன்னேன், சண்டை போட்டேன், அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை. முழங்காலிட்டதும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவோம். நாற்பது வயதிலும் பலர் அதையேதான் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். வயதுக்கேற்ற பாவங்கள் வந்து சேர்ந்துவிட்டன, பட்டியல் மட்டும் வளரவில்லை.

பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பதும் இன்றைய மறைக்கல்விப் புத்தகங்கள் ஒப்புரவு அருட்சாதனம் என்பதும் ஒன்றுதான்: நாம் சாமி என்று அழைக்கும் குருவிடம் பாவங்களைச் சொல்லி, கடவுளின் மன்னிப்பைப் பெறுவது. அதற்கு முதலில் வேண்டியது ஆத்தும சோதனை, அதாவது செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது. வரிசையில் நமக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதுதான் பலர் அதைத் தொடங்குகிறார்கள். முந்தின இரவே கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். பத்துக் கட்டளைகளை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் தன் வேலை, வீடு, பணம், கைப்பேசி இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, குணத்தைச் சொல்லிவிட்டுச் செயலை விட்டுவிடுவது. "கோபம் வரும் சாமி" என்றால் அது யாருக்குத்தான் வராது? "என் தவறை எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்மேல் போட்டேன், அவர் திட்டு வாங்கும்போது வாயைத் திறக்காமல் நின்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், தொண்டை அடைக்கும். அந்த அடைப்புக்குப் பயந்துதான் பொதுவார்த்தைகளுக்குள் ஒளிந்துகொள்கிறோம். சாவான பாவங்களை, அதாவது தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவங்களை, வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும் என்று திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1551-இல் வரையறுத்தது. இன்றைய திருச்சபைச் சட்டமும் அதையே கேட்கிறது. எண்ணிக்கை சரியாக நினைவில்லையென்றால், "ஒரு வருடமாக, வாரத்துக்கு இரண்டு முறை இருக்கும்" என்றால் போதும்.

அதற்காகக் கதை சொல்லவும் கூடாது. நம் வாக்கியங்கள் எதில் தொடங்குகின்றன என்று கவனித்தாலே தெரிந்துவிடும். "என் மைத்துனர் இருக்கிறாரே" என்று ஆரம்பித்தால், அறிக்கையிடப்படுவது மைத்துனரின் பாவம். அவருக்காக நாம் மனஸ்தாபப்பட, அதாவது பாவத்துக்காக மனம் வருந்த, முடியாது. பிறர் பெயரையும் இழுக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் கனமானது, வெட்கத்தால் ஒரு சாவான பாவத்தைத் தெரிந்தே மறைப்பது. அப்படிச் செய்தால் மற்ற பாவங்களைச் சொன்னதும் செல்லாது. பிறகு மறைத்ததை மட்டும் சொன்னால் போதாது, முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டும். மறந்துபோனது வேறு: அதுவும் மன்னிப்பில் அடங்கிவிடும், கனமானதாக இருந்தால் அடுத்த முறை சொன்னால் சரி. வாய் வராவிட்டால், "சாமி, ஒன்றைச் சொல்ல முடியவில்லை, நீங்களே கேளுங்கள்" என்று சொல்லிவிடலாம். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேண்டாம். பாவசங்கீர்த்தன இரகசியத்தை நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்படுகிறார். கேட்டதை வைத்து, சொன்னவருக்குப் பாதகமாக எதுவும் செய்யவும் அவருக்கு உரிமையில்லை. முகம் தெரியக் கூடாதென்றால் குருவுக்கும் நமக்கும் நடுவில் உள்ள மறைப்புத் தட்டிக்குப் பின்னால் முழங்காலிடுவது உங்கள் உரிமை.

இதற்கு நேரெதிர் ஒன்றும் உண்டு. மன்னிக்கப்பட்ட பழைய பாவத்தையே ஒவ்வொரு முறையும் கிளறுவது. மனச்சஞ்சலம் உள்ளவர்கள் ஒரே குருவிடம் போய், அவர் "போதும்" என்றால் நிறுத்திக்கொள்வது நல்லது.

அழுகை வராததால் மனஸ்தாபம் இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. மனஸ்தாபம் என்பது பாவத்தை வெறுத்து, இனிச் செய்வதில்லை என்று மனத்தால் தீர்மானிப்பது. திரும்ப விழுந்துவிடுவோமோ என்ற பயம் அந்தத் தீர்மானத்தைப் பொய்யாக்காது.

வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்ற கணக்கு 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் வைத்தது. அது குறைந்தபட்ச அளவு. சாவான பாவத்தோடு இருப்பவர் பாஸ்கா (ஈஸ்டர்) வரை காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தொலைபேசியிலோ காணொளியிலோ பாவசங்கீர்த்தனம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெளியே வந்தபின் செய்கிற தவறு. திருடிய பணத்தை உண்டியலில் போட்டால் கணக்குத் தீராது, உரியவர் இருக்கும்வரை அது அவர் கைக்கே போக வேண்டும். ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால், கெடுத்த இடத்திலேயே போய்ச் சரிசெய்ய வேண்டும். குரு கொடுத்த அபராதத்தை, அதாவது பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்யச் சொன்னதை, செபமானால் கோவிலை விட்டு இறங்குவதற்கு முன்பே முடித்துவிடுவது உத்தமம். தள்ளிப்போட்டால் சொல்ல வேண்டியது மூன்று "அருள் நிறைந்த மரியே" செபமா ஐந்தா என்ற சந்தேகம் வந்துவிடும், எனக்கே வந்திருக்கிறது. சொன்னதைச் செய்ய முடியாத நிலைமை என்றால் அங்கேயே சொல்லுங்கள், வேறொன்று கொடுப்பார்.