78 தட்டை ஆய்வுக்காகக் கணினியில் ஏற்றுவது எப்படி

பழைய நாடகப் பாட்டுத் தட்டு கைக்கு வந்தால் முதலில் ஸ்பிரிட் பாட்டிலை அப்பால் வையுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இந்த 78 தட்டைப் பிணைத்திருப்பது அரக்கு. ஆல்கஹால் பட்டால் அது கரைந்து வரிப்பள்ளம் பாழாகும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, வெறும் நீரில் அலசி, நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். லேபிள் நனையக் கூடாது.

பிற்கால எல்பி தட்டுகளுக்கான ஊசி இதற்கு ஆகாது. அதன் முனை 18 முதல் 25 மைக்ரான்தான். பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் படிக்கும். 78க்கு 75 மைக்ரான் அளவில் வேண்டும். அழுத்தம் 3 முதல் 5 கிராம். தட்டு மோனோவாக இருந்தாலும் ஸ்டீரியோவில் பதியுங்கள்: பள்ளத்தின் இரு சுவரும் ஒரேபோல் தேய்ந்திருக்காது, நல்ல பக்கத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. நிமிடத்துக்குச் சுமார் 35 எம்பி. கீறலின் 'டக்' ஒலிதான் உச்சத்தைத் தொடும், அதற்கு இடம்விட்டு லெவல் வையுங்கள்.

ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்பில் ஆர்ஐஏஏ திருத்தம் (பதியும்போது மாற்றிய அடித்தொனி, உச்சத்தொனி அளவுகளை மீட்கும் பொது விதி) இருக்கும். அது 1954இல் வந்தது. அதற்கு முந்தைய தட்டில் அடித்தொனியும் உச்சத்தொனியும் பிசகும். முடிந்தால் திருத்தமில்லாமல் பதிந்து, பிறகு மென்பொருளில் சரிசெய்யுங்கள்.

அதிகம் சறுக்குவது வேகத்தில். '78' என்பது பெயரளவுதான், ஆரம்பகாலத் தட்டுகள் முன்பின்னாக இருக்கும். 76இல் சுழற்றுவதற்கும் 80இல் சுழற்றுவதற்கும் சுருதியில் கிட்டத்தட்ட அரைக்கட்டை வித்தியாசம். பின்னணி ஹார்மோனியத்தின் ஸ்வரம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கினால் வேகத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் பழைய ஹார்மோனியங்களே ஒரே சுருதியில் இருந்ததில்லை. அதனால் அடுத்தடுத்த மேட்ரிக்ஸ் எண் (தட்டில் பொறித்த பதிவு எண்) கொண்ட தட்டுகளோடு ஒப்பிடாமல் "இவர் ஐந்தரைக் கட்டையில் பாடினார்" என்று எழுதிவிடாதீர்கள். எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில் மட்டும். பாட்டு முடிந்ததும் வெட்டிவிடவும் வேண்டாம். 1902இல் கல்கத்தாவில் பதிவான பாடகி கௌஹர் ஜானின் தட்டுகளின் கடைசியில் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். பாடகர் யாரென்று லேபிள் ஒட்டுகிறவருக்குத் தெரிய அது உதவியது. அந்தச் சில விநாடி, ஆய்வாளருக்குப் பாட்டைவிடப் பெரிய சான்று. கோப்புக்குப் பாட்டின் பெயரை வைக்காமல், லேபிள் ஓரத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணை வையுங்கள். சாய்வாக டார்ச் அடித்தால் எழுத்து தெரியும்.