சட்டத்தை மீறப் போகிறீர்களா? அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்

ஒரு சட்டம் அநியாயமானது, அதை அமைதியாக, ஊரறிய மீறியே தீர வேண்டும் என்ற முடிவுக்கு நீங்களும் உங்களோடு இருப்பவர்களும் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீறுவது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளுக்கு முன்னால் பல மாத வேலை இருக்கிறது, அதைச் செய்யாமல் இறங்கினால் வழக்கு மட்டும்தான் மிஞ்சும்.

தேர்தல் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, அப்புறம் எதற்குச் சட்டத்தை மீற வேண்டும் என்று உங்களைக் கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், எரிச்சல் படாதீர்கள். பெரும்பான்மை போட்ட சட்டம் ஒரு சிறு கூட்டத்தை நசுக்கும்போது, அந்தச் சிறு கூட்டம் ஓட்டு எண்ணிக்கையில் ஒருநாளும் ஜெயிக்க முடியாது. அவர்கள் பெரும்பான்மையின் மனசாட்சியிடம் நேரடியாகப் பேசுவதற்கு மிச்சமிருக்கும் வழி சட்ட மறுப்பு. பேச வந்தவர் கேட்பவரை மிரட்டக் கூடாது, கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

மற்ற வழிகளை உண்மையிலேயே முயன்று பார்த்துவிட்டீர்களா என்பது முதல் கேள்வி. 1963இல் அமெரிக்காவின் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் நான்கு படிகளைச் சொல்கிறார்: உண்மைகளைத் திரட்டுவது, பேச்சுவார்த்தை நடத்துவது, தங்களைத் தாங்களே பக்குவப்படுத்திக்கொள்வது, அதற்கெல்லாம் பிறகுதான் நேரடிப் போராட்டம். ஆகவே யாருக்கு எப்போது மனு கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது, எத்தனை முறை அலைக்கழித்தார்கள் என்று தேதி வாரியாக எழுதி வையுங்கள். நாளைக்கு நீதிபதி கேட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும்.

அடுத்தது எதை மீறுவது என்பது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். 1930இல் காந்தி உப்பைக் கையில் எடுத்தபோது காங்கிரஸ் தலைவர்களிலேயே சிலருக்கு அது புரியவில்லை, இவ்வளவு பெரிய அரசை எதிர்க்க உப்பா என்று யோசித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், உப்பு எல்லார் வீட்டிலும் வேண்டும், அதற்கு வரி இருந்தது, கடற்கரையில் கிடப்பதைக் குனிந்து அள்ளினாலே குற்றம், அள்ளுவதால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. செயலைப் பார்த்தவுடனே சட்டத்தின் அநியாயம் தெரிந்துவிடுகிறது, தனியாக விளக்கம் வேண்டியதில்லை. நீங்கள் எதிர்க்கும் சட்டத்தையே மீற முடிந்தால் அதையே மீறுங்கள். ஒரு போர், ஒரு அரசுக் கொள்கை மாதிரியானவற்றைத் தனி மனிதர் நேரடியாக மீற வழியில்லை, அப்போது சாலையில் உட்காருவது மாதிரி வேறு ஏதாவது சட்டத்தை மீற வேண்டி வரும். வந்தால் ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஆட்களை முன்கூட்டியே நிறுத்துங்கள். ஒரு நோயாளி தாமதமானால் அதற்கப்புறம் உங்கள் கோரிக்கையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அவர்கள் பேசாமல் இருப்பதும் சரிதான்.

இன்னொரு சோதனையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கொள்கைக்கு நேர் எதிரானவர்கள் நாளை இதே முறையில், இதே அளவுக்குச் சட்டத்தை மீறினால் முறை அளவிலாவது அதை உங்களால் ஏற்க முடியுமா? முடியாதென்றால் திட்டத்தை மாற்றுங்கள். சுதந்திர சமுதாயத்தில் இந்த உரிமை உங்களுக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல.

திட்டம் முடிவானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காந்தி 1930 மார்ச் 2ஆம் தேதியே வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிவிட்டு, 12ஆம் தேதி நடக்கத் தொடங்கி, ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பை அள்ளினார். அவர் நடந்த அந்த மூன்று வாரத்துக்கும் மேலான காலத்தில் செய்தி உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. ரகசியமாகச் செய்தால் அது வெறும் சட்ட மீறலாகவே பார்க்கப்படும்.

இனி பயிற்சி. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்கள் 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கவுன்டர்களில் உட்காருவதற்கு முன், அகிம்சைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் லாசன் மாதக்கணக்கில் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒருவர் திட்டுவார், தள்ளுவார், இன்னொருவர் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அடித்தாலும் திருப்பி அடிக்காதே, நேராக உட்கார், மரியாதையாக இரு என்று எழுதிய விதிகளைக் கையில் கொடுத்தார்கள். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். யாருக்குக் கோபம் சட்டென்று வருகிறது என்பது பயிற்சியிலேயே தெரிந்துவிடும். அவர்களை ஒதுக்க வேண்டாம், உணவு, போக்குவரத்து, வழக்கறிஞரோடு பேசுவது என்று செய்ய நிறைய வேலை இருக்கிறது.

யார் கைதாகலாம், யார் கூடவே கூடாது என்று பெயர் பெயராகப் பிரித்துவிடுங்கள். கைக்குழந்தையைத் தனியாக வளர்ப்பவர், தினமும் மருந்து எடுப்பவர், விசாவில் இருப்பவர் எல்லாரும் பின்னணி வேலைக்கு. உங்கள் பகுதி நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரிடம் எந்தப் பிரிவில் வழக்கு வரும், அதிகபட்ச தண்டனை என்ன, வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சிக்கல் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கைதாகப் போகிறவர்கள் எல்லாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வழக்கறிஞரின் எண்ணைப் பேனாவால் கையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் போனை வாங்கிவிடுவார்கள்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெளியிலிருந்து யாராவது வந்து கல்லைத் தூக்கினால் உங்கள் ஆட்கள் எல்லாரும் உடனே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும், யார் உங்களோடு இல்லை என்பது அப்போது கேமராவுக்கும் போலீஸுக்கும் தெரியும். கைது செய்ய வந்தால் எதிர்க்காதீர்கள், வசை பாடாதீர்கள். உடலைத் தளர்த்திப் படுத்துக்கொள்வதே சில இடங்களில் தனிக் குற்றமாகிவிடும், அதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

வன்முறை வெடித்தால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 1922 பிப்ரவரியில் வட இந்தியாவின் சௌரி சௌரா என்ற ஊரில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து 22 போலீஸ்காரர்கள் இறந்தபோது காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். சிறையில் இருந்த நேருவுக்கே அது பிடிக்கவில்லை. நான் காந்தியின் பக்கம்தான். அந்த 22 பேரின் சாவைக் கண்டுகொள்ளாமல் தொடர்ந்திருந்தால் இயக்கம் எதைச் சொல்ல வந்ததோ அதைச் சொல்லும் தகுதியை இழந்திருக்கும். எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1900 முதல் 2006 வரையான 323 போராட்டங்களை ஆராய்ந்ததில், அமைதி வழியில் நடந்தவற்றில் பாதிக்கும் மேல் வென்றிருந்தன, ஆயுதம் எடுத்தவற்றில் கால்வாசிதான். அவை ஆட்சியையே எதிர்த்து நடந்த பெரும் போராட்டங்கள், உங்களுடையது அதைவிடச் சின்னதாக இருக்கலாம். ஆனால் காரணம் இங்கேயும் பொருந்தும்: கல்லெறியும் இடத்துக்கு வயதானவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் வர மாட்டார்கள்.

நீதிமன்றத்தில் செய்ததைச் செய்தேன் என்றே சொல்லுங்கள். அதற்காக வாதாடக் கூடாது என்று அர்த்தமில்லை. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் தனக்கு விதித்த அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். அதே காலத்தில் வேறு நான்கு பெண்கள் தொடுத்த வழக்கில்தான் 1956 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேருந்துப் பாகுபாடு செல்லாது என்றது. தெருவில் மறுப்பதும் கோர்ட்டில் வாதாடுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் உடனே போக ஒரு சிறு குழு தயாராக இருக்கட்டும், எதை ஏற்போம், எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று எழுதிக் கையில் வைத்திருக்கட்டும். கோரிக்கை நிறைவேறினாலும் வழக்குகள் தானாகப் போய்விடாது, வருடக்கணக்கில் இழுக்கும். வாய்தாவுக்கு அலையும் கடைசி ஆள் விடுபடும் வரை வழக்கு நிதியைத் தொடாதீர்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாராவது ஒருவர் கூடப் போங்கள்.